சேர்வராயன் மலைப் பள்ளிகளில் மீண்டும் உடல்நலக் கணக்கெடுப்பு நடத்தவிருப்போருக்கு ஒரு திறந்த மடல்

வளரிளம் பருவ மாணவர்களின் உடல்நலப் பழக்கங்களைக் கணக்கெடுக்கும் குழுவினருக்கும், அதற்கு ஒப்புதல் வழங்கும் அதிகாரிகளுக்கும்.

மதிப்பிற்குரியீர்,

சென்ற கல்வியாண்டில் சேர்வராயன் மலையின் அரசுப் பள்ளிகள் சிலவற்றில் எட்டு, ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணவர்களிடம் நீங்கள் நடத்திய உடல்நலப் பழக்கக் கணக்கெடுப்பை, அதே வினாத்தாளைக் கொண்டு, அதே முறையில், வரும் ஜனவரியிலும் நடத்தப்போவதாகப் பள்ளிகளுக்குச் சுற்றறிக்கை வந்திருக்கிறது. முதல் கணக்கெடுப்பின் முடிவுகள் எங்கள் பள்ளிக்கு இன்றுவரை வந்து சேரவில்லை. அதன் விளைவு மட்டும் வந்து சேர்ந்துவிட்டது. மலைப் பள்ளிகளில் புகையிலை, மது, மனச்சோர்வு ஆகியவை குறிப்பிடத்தக்க அளவில் இல்லை என்று அறிக்கை சொல்வதாகக் காரணம் காட்டி, மாதந்தோறும் மலையேறி வந்துகொண்டிருந்த மனநல ஆலோசகரின் வருகையை நிறுத்திவிட்டீர்கள். இந்த இரண்டையும் பேசாமல் ஏற்றுக்கொள்ள என்னால் இயலவில்லை.

நான் இந்த மலையில் அறிவியல் ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். இப்போது ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் கல்வியாளர் உறுப்பினராக இருக்கிறேன். கணக்கெடுப்பு நடந்த அன்று அந்தப் பள்ளியில்தான் இருந்தேன். அன்று கண்டதையும், அதன் பிறகு பிள்ளைகளும் அவர்களுடைய தாய்மார்களும் என்னிடம் சொன்னதையும் வைத்தே இதை எழுதுகிறேன்.

கணக்கெடுப்பே வேண்டாம் என்பது என் கோரிக்கை அன்று. அது மிகவும் வேண்டும். தேசியக் குடும்ப நல ஆய்வு, பழக்கவழக்கங்கள் பற்றிய கேள்விகளைப் பதினைந்து வயது நிரம்பியவர்களிடம்தான் கேட்கிறது. உலகளாவிய இளையோர் புகையிலை ஆய்வு 13 முதல் 15 வயது வரையுள்ள பள்ளி மாணவர்களை எடுத்துக்கொள்கிறது என்றாலும், அதன் எல்லை புகையிலையோடு முடிந்துவிடுகிறது. 2019-இல் நடந்த அதன் நான்காம் சுற்றில் இந்திய மாணவர்களில் 8.5 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்துவதாகத் தெரியவந்தது. உணவு, உடலுழைப்பு, தூய்மை, வன்முறை, மனநலம், போதைப் பொருள் என்று எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்கும் உலகளாவிய பள்ளி மாணவர் உடல்நலக் கணக்கெடுப்பை உலக சுகாதார நிறுவனமும் அமெரிக்க நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையங்களும் சேர்ந்து உருவாக்கின. 2003 முதல் அது பல நாடுகளில் நடந்துவருகிறது. இந்தியாவில் 2007-இல் அது நடந்தபோது மத்திய இடைநிலைக் கல்வி வாரியப் பள்ளிகளில் மட்டுமே நடந்தது. ஆகவே மாரமங்கலத்திலோ செம்மநத்தத்திலோ அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்புப் படிக்கும் பதின்மூன்று வயது மலையாளிப் பழங்குடிச் சிறுமி, மாதத்தில் எத்தனை நாள் பசியோடு பள்ளிக்கு வருகிறாள், எத்தனை இரவு உறங்காமல் கிடக்கிறாள் என்பதை அறிய நாட்டில் எந்த ஏடும் இல்லை. அந்த ஏட்டை எழுதத்தான் நீங்கள் வருகிறீர்கள் என்று நம்பி, முதல் முறை உங்களை மகிழ்ச்சியோடு வரவேற்றவர்களில் நானும் ஒருத்தி.

உங்கள் வினாத்தாளில் உள்ள பல கேள்விகள் நான் மேலே சொன்ன உலகளாவிய கணக்கெடுப்பின் வினாக்களை ஒத்திருக்கின்றன. அதில் தவறில்லை, பல நாடுகளில் சோதித்துத் தேர்ந்த கேள்விகள் அவை. ஆனால் கேள்விகளை எடுத்துக்கொண்ட நீங்கள், அவற்றுக்கு உண்மையான விடையைப் பெற்றுத்தரும் முறையை எடுத்துக்கொள்ளவில்லை. அந்த முறையின் முதல் விதி, விடைத்தாளில் மாணவரை அடையாளம் காட்டும் எதுவும் இருக்கக் கூடாது என்பது. உங்கள் விடைத்தாளின் முதல் வரியில் மாணவர் பெயர், இரண்டாம் வரியில் பள்ளிக் கல்வித் துறை ஒவ்வொரு மாணவருக்கும் தரும் எமிஸ் அடையாள எண், மூன்றாம் வரியில் தந்தை பெயர், நான்காம் வரியில் ஊர். அதற்குக் கீழே, கடந்த முப்பது நாட்களில் எத்தனை நாள் புகையிலை பயன்படுத்தினாய் என்ற கேள்வி.

எமிஸ் எண் என்பது எங்கள் பிள்ளைகளுக்கு வெறும் எண் அன்று. உதவித்தொகை, மிதிவண்டி, பேருந்து அட்டை, மாற்றுச் சான்றிதழ் எல்லாம் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் வருகின்றன என்பதை அவர்கள் ஆறாம் வகுப்பிலேயே அறிந்துவிடுகிறார்கள். அந்த எண்ணை எழுதிய கையோடு, தான் உதட்டுக்குள் புகையிலைப் பொட்டலம் அடக்கும் பழக்கத்தை ஒரு பதினான்கு வயதுப் பையன் எழுதித் தருவான் என்று எதிர்பார்த்தது யார்? ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் எல்லாக் கேள்விக்கும் "இல்லை" என்ற கட்டத்தையே நிரப்பி, மற்றவர்கள் முதல் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போதே தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தான். அவன் உண்மையில் என்னவெல்லாம் செய்கிறான் என்பது எங்கள் ஊரில் பலருக்கும் தெரியும். சில வாரங்கள் கழித்து அவனிடம் பேச்சு வாக்கில் கேட்டேன். "டி.சி. கொடுத்துருவாங்கன்னு பசங்க சொன்னாங்க டீச்சர்" என்றான். அவன் பொய்யன் அல்லன். அந்தத் தாள் அவனிடம் பொய்யைத்தான் கேட்டது.

இங்கே இரண்டு வெவ்வேறு வேலைகளை நீங்கள் ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். மருத்துவக் குழு பள்ளிக்கு வந்து பார்வை, பல், இரத்தச்சோகை ஆகியவற்றைப் பரிசோதிக்கும்போது பெயரும் எண்ணும் கட்டாயம் வேண்டும், ஏனெனில் குறை கண்ட பிள்ளையை மறுபடியும் தேடிச் சென்று மருத்துவம் செய்தாக வேண்டும். பழக்கங்களின் பரவலை அறியும் கணக்கெடுப்புக்கோ, எந்தப் பிள்ளை என்பது தேவையே இல்லை. நூறு பேரில் எத்தனை பேர் என்பதுதான் தேவை. பெயரைக் கேட்டு நீங்கள் கணக்கெடுப்பைக் கெடுத்தீர்கள். பெயரைக் கேட்ட பிறகாவது, மனம் உடைந்திருப்பதாக எழுதிய பிள்ளை எவரையேனும் தேடி வந்தீர்களா என்றால், அதுவும் இல்லை. எங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி தனக்கு நெருங்கிய தோழமை எவருமில்லை என்றும், இரவில் உறக்கம் வருவதில்லை என்றும் உண்மையாகவே எழுதியிருக்கிறாள். அவளே என் வீட்டுக்கு வந்து, "யாராச்சும் வருவாங்கன்னு நெனச்சேன் டீச்சர்" என்று சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பெயரோடு எழுதிக் கொடுத்த ஒரு குழந்தை, அதைப் படிப்பவர் ஒருவர் இருப்பார் என்று நம்பிக் காத்திருந்திருக்கிறாள்.

சட்டப்படியும் இது சிறிய விஷயம் அன்று. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, அத்தகைய குற்றம் நடந்ததை அறிந்த எவரும் காவல் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும் என்கிறது. உங்கள் வினாத்தாளில் விருப்பமின்றித் தொடப்பட்டதைப் பற்றிய கேள்வி இருக்கிறது. பெயரெழுதிய தாளில் ஒரு சிறுமி "ஆம்" என்று நிரப்பியிருந்தால் அந்தத் தாளை முதலில் படிப்பவர் யார், எத்தனை நாளில் படிப்பார், படித்தவர் என்ன செய்வார் என்று அன்று வந்திருந்த உங்கள் களப்பணியாளரிடம் கேட்டேன். தாள்கள் மூட்டையாகக் கீழே போகும், கணினியில் ஏற்றும்போதுதான் பார்ப்பார்கள் என்று அவர் மரியாதையாகவே பதில் சொன்னார். அவர் மீது எனக்கு வருத்தமில்லை. இந்தக் கேள்விக்கு விடை எழுதாமலேயே வினாத்தாளை அச்சிட்டவர்கள் மீதுதான் வருத்தம்.

ஒப்புதல் பெற்ற விதத்தையும் சொல்ல வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகள், பெற்றோரின் ஒப்புதலோடு, 12 முதல் 18 வயது வரையுள்ளவரிடம் அவருடைய இசைவையும் எழுத்தில் பெற வேண்டும் என்கின்றன. எங்கள் பள்ளியில் முந்தின நாள் மாலை ஒரு தாள் வீட்டுக்கு அனுப்பப்பட்டது. எஸ்டேட் வேலை முடிந்து இருட்டிய பிறகு வீடு திரும்பிய பெற்றோர், சத்துணவுக்கோ உதவித்தொகைக்கோ கேட்கிறார்கள் என்று எண்ணிக் கைநாட்டு வைத்து அனுப்பினார்கள். பிள்ளைகளிடம் எவரும் எதுவும் கேட்கவில்லை. விருப்பமில்லையென்றால் எழுதாமல் இருக்கலாம் என்றோ, ஒரு கேள்வியைத் தாண்டிச் செல்லலாம் என்றோ சொல்லவில்லை. இது தேர்வு அன்று என்றுகூடச் சொல்லாததால், எத்தனை மதிப்பெண் என்று பலர் கேட்டார்கள். எட்டாம் வகுப்பில் சிலர் பக்கத்தில் இருந்தவனைப் பார்த்து எழுதினார்கள்.

அடுத்து, வகுப்பறைக்குள் நின்றவர்கள். தாள்களைக் கொடுத்து வாங்கியதும், வரிசைகளுக்கு நடுவே நடந்து பார்த்துக்கொண்டிருந்ததும் வகுப்பாசிரியர்களே. அவர்களைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. அவர்கள் என் உடன்பிறப்புகளைப் போன்றவர்கள். புகையிலை இல்லாக் கல்வி நிறுவனம் என்ற பலகையை வாயிலில் மாட்டியிருக்கும் பள்ளியில், மாணவர்கள் புகையிலை பயன்படுத்துவதாகத் தாளில் வந்தால் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வரும் என்று அவர்கள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் ஆதாரமற்றது என்று அவர்களுக்கு நீங்கள் எழுத்தில் சொல்லவில்லை. ஆகவே "யோசித்து எழுதுங்கள், பள்ளிக்குக் கெட்ட பெயர் வாங்கித் தராதீர்கள்" என்ற அறிவுரையோடுதான் தாள்கள் விநியோகிக்கப்பட்டன. வாரந்தோறும் தரப்படும் இரும்புச்சத்து மாத்திரையைத் தவறாமல் விழுங்குகிறாயா என்ற கேள்விக்கு, அந்த மாத்திரையைக் கையில் கொடுத்துப் பதிவேட்டில் குறிப்பவரே எதிரில் நிற்கும்போது, வயிற்றைப் புரட்டுகிறது என்று சன்னல் வழியே வீசும் மாணவி என்ன எழுதுவாள்? அந்தக் கேள்விக்கு எங்கள் பள்ளியில் ஏறத்தாழ எல்லோரும் "ஆம்" என்று எழுதியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். வகுப்பறைக்குப் பின்னால் உள்ள சரிவில் மழைக்குப் பிறகு கிடக்கும் நீல மாத்திரைகளை நான் பார்த்திருக்கிறேன்.

பசியைப் பற்றிய கேள்விதான் என்னை மிகவும் உறுத்துகிறது. வீட்டில் போதிய உணவு இல்லாததால் கடந்த மாதத்தில் எத்தனை முறை பசியோடு இருந்தாய் என்பது அந்தக் கேள்வி. ஒரு பெஞ்சில் மூன்று பேர் நெருக்கியடித்து உட்கார்ந்து, ஒருவர் தாள் மற்றவர் கண்ணில் படும்படி எழுதினார்கள். தோழியின் முன்னால் தன் வீட்டு அடுப்பு எரியாததை எழுத எந்தப் பெண்ணுக்கும் கை வராது. உள்மலைக் கிராமங்களிலிருந்து காலை முதல் பேருந்தைப் பிடிக்க இருட்டோடு புறப்படும் பிள்ளைகளில் பலர் வெறும் காப்பித் தண்ணீரோடு வருகிறவர்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கிப் பல்லாயிரம் குழந்தைகளின் காலைப் பசியைத் தீர்த்திருக்கிறது. அதை நன்றியோடு சொல்கிறேன். ஆனால் அது ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. உடல் வேகமாக வளரும் பருவத்தில், பெண்பிள்ளைகளுக்கு மாதவிடாய் தொடங்கும் பருவத்தில், பிற்பகல் சத்துணவு வரை அவர்களுக்கு ஒன்றுமில்லை. காலை இறைவணக்கக் கூட்டத்தில் மயங்கி விழும் பிள்ளைகளை ஒவ்வொரு பருவத்திலும் பார்க்கிறோம். மலைப் பள்ளிகளில் எட்டு, ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கும் காலை உணவு வேண்டும் என்று அரசிடம் கேட்க எங்கள் கையில் இருந்திருக்க வேண்டிய ஒரே சான்று உங்கள் கணக்கெடுப்பு. அது இப்போது எங்களுக்கு எதிரான சான்றாக நிற்கிறது.

நாள் குறித்ததும் பிழையாயிற்று. கார்த்திகை முதல் தை வரை இந்த மலையில் காப்பிப் பழம் பறிக்கும் காலம். கிலோக் கணக்கில் கூலி கிடைக்கும் அந்த வாரங்களில், மேல் வகுப்புப் பிள்ளைகள் தாய் தந்தையரோடு தோட்டத்துக்குப் போய்விடுவார்கள், அல்லது தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றுவிடுவார்கள். வகுப்புகள் மெலிந்து கிடக்கும் ஜனவரியில் நீங்கள் வந்தீர்கள். வந்த அன்று இருந்தவர்களிடம் எழுதி வாங்கிக்கொண்டு சென்றீர்கள். வராதவர்களைத் தேடி இரண்டாம் முறை வரவில்லை. வேலைக்குப் போகும் பிள்ளையிடம்தான் புகையிலையும் மதுவும் முதலில் வந்து சேர்கின்றன. பள்ளியை விட்டு நின்றுவிடும் விளிம்பில் இருப்பவரும் அவர்தான். அப்படிப்பட்டவர்களைத் தவிர்த்துவிட்டு எடுத்த கணக்கில் பழக்கங்கள் குறைவாகத் தெரிவதில் வியப்பில்லை. காய்ச்சல்மானியைச் சட்டைக்கு மேல் வைத்துப் பார்த்துவிட்டுக் காய்ச்சல் இல்லை என்று எழுதுவதற்கும் இதற்கும் வேறுபாடு எனக்குத் தெரியவில்லை.

பள்ளிகளைத் தேர்ந்ததும் அப்படியே. சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏற்காடு வந்து, பிரதான சாலையை ஒட்டிய பள்ளிகளை மட்டும் பார்த்துவிட்டு மாலையில் இறங்கிவிட்டீர்கள். உள்மலைப் பள்ளிகளும், பழங்குடியினர் நல உண்டு உறைவிடப் பள்ளிகளும் பட்டியலில் இல்லை. விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளின் உறக்கமும் உணவும் தனிமையும் வீட்டிலிருந்து வரும் பிள்ளைகளுடையவற்றிலிருந்து முற்றிலும் வேறானவை. உலகளாவிய கணக்கெடுப்பில், எல்லாப் பள்ளிகளின் பட்டியலையும் வைத்து மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்ற வாய்ப்போடு பள்ளிகளையும், அவற்றுள் குலுக்கல் முறையில் வகுப்புகளையும் தேர்கிறார்கள். சாலை வசதியை வைத்துத் தேர்வதில்லை.

மலைக்கும் கீழ்நாட்டுக்கும் ஒரே வினாத்தாள் போதும் என்று எண்ணியதையும் மறுபரிசீலனை செய்யுங்கள். நாளொன்றுக்கு அறுபது நிமிடமாவது உடலுழைப்பில் ஈடுபடுகிறாயா என்ற கேள்விக்கு, தினமும் மேடு பள்ளமாகக் கிலோமீட்டர் கணக்கில் நடந்து பேருந்து நிறுத்தம் வரும் எங்கள் பிள்ளைகள் பலர் "இல்லை" என்று எழுதினார்கள். பி.டி. பீரியடில் விளையாடுவதைத்தான் கேட்கிறார்கள் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். விளக்கிச் சொல்ல எவருமில்லை. சேலம் நகரில் சிவதாபுரம், பனங்காடு பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்தும் வீடுகளின் பிள்ளைகள் பள்ளி விட்டு வந்து நள்ளிரவு வரை பற்றவைப்பதிலும் மெருகேற்றுவதிலும் கை கொடுப்பார்கள், இளம்பிள்ளையில் தறி. அவர்களுடைய உறக்கக் குறைவும் கண் எரிச்சலும் வேறு, எங்கள் பிள்ளைகளின் குளிரும் பசியும் வேறு. இரண்டையும் கூட்டி மாவட்டச் சராசரி என்று ஒன்றை எழுதினால் அது எந்தப் பிள்ளையின் வாழ்க்கையையும் குறிக்காது.

சாப்பிடும் முன் கை கழுவுகிறாயா என்று கேட்டீர்கள். குழாயில் தண்ணீர் வருகிறதா, சோப்பு இருக்கிறதா என்று கேட்கவில்லை. மாசி, பங்குனியில் எங்கள் பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் இருப்பதில்லை. அதற்காகவே பெண்பிள்ளைகள் காலை முதல் மாலை வரை தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். வசதியைக் கேட்காமல் பழக்கத்தை மட்டும் கேட்டால், குற்றம் பிள்ளையின் மேல் எழுதப்பட்டுவிடும்.

மாதவிடாய் பற்றிய பக்கத்தையும், துயரம், தற்கொலை எண்ணம் பற்றிய பக்கத்தையும் விட்டுவிடுமாறு அன்று காலையில் வாய்மொழியாகச் சொல்லப்பட்டது. அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைப்பதாகும் என்பது சொல்லப்பட்ட காரணம். நல்லெண்ணத்தோடு சொன்னார்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன், ஆனால் ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. அமெரிக்காவின் நியூயார்க் மாநில உயர்நிலைப் பள்ளிகளில் இதைச் சோதித்து 2005-இல் வெளியிட்ட ஆய்வில், தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்கப்பட்ட மாணவர்களுக்கு, கேட்கப்படாதவர்களைவிட மன உளைச்சலோ அந்த எண்ணமோ கூடவில்லை என்று கண்டார்கள். நம் நாட்டிலேயே தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழு 2022-இல் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையுள்ள மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் மனநலம் பற்றிக் கேட்டது. பெயர் எழுதுவதை அவரவர் விருப்பத்துக்கு விட்டது. படிப்பு, தேர்வு, தேர்வு முடிவு ஆகியவையே பதற்றத்துக்குக் காரணம் என்று 81 விழுக்காட்டினர் சொன்னது அப்போதுதான் வெளியே வந்தது. கேட்காமல் விட்ட பக்கத்தைப் பூச்சியம் என்று கணக்கில் ஏற்றி, மனச்சோர்வு இல்லை என்று எழுதி, ஆலோசகரை நிறுத்தியதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

முறை மாறினால் எண்ணும் மாறும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2016–18-இல் நடந்த விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வு 10 முதல் 19 வயதுப் பெண்பிள்ளைகளில் 40 விழுக்காட்டினருக்கு இரத்தச்சோகை என்றது. 2019–21-இன் தேசியக் குடும்ப நல ஆய்வு 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 விழுக்காடு என்றது. வயது வரம்பு வேறு என்பது ஒருபுறமிருக்க, முன்னது நாளத்திலிருந்தும் பின்னது விரல் நுனியிலிருந்தும் இரத்தம் எடுத்தது ஒரு முக்கியக் காரணம் என்று வல்லுநர்கள் விவாதித்தார்கள். ஒரு துளி இரத்தத்தை எங்கிருந்து எடுப்பது என்பதே இத்தனை வேறுபாட்டைக் கொண்டுவருமானால், ஒரு குழந்தையின் அந்தரங்கத்தை யார் முன்னிலையில், எந்தத் தாளில், எந்த நாளில் கேட்கிறோம் என்பது எவ்வளவு கொண்டுவரும்? ஐரோப்பிய நாடுகளில் 1995 முதல் நடந்துவரும் பள்ளி மாணவர் போதைப் பழக்க ஆய்வில், உலகில் இல்லவே இல்லாத ஒரு போதைப் பொருளின் பெயரைப் பட்டியலில் சேர்த்து, அதைப் பயன்படுத்தியதாக எழுதுபவர் எத்தனை பேர் என்று பார்த்து, விடைகளின் நம்பகத்தன்மையை அளக்கிறார்கள். உங்கள் விடைகளை நீங்கள் எப்படிச் சோதித்தீர்கள்?

உங்களிடம் நான் கேட்பவை இவை.

சென்ற ஆண்டின் கணக்கெடுப்பை அடிப்படையாக வைத்து எடுத்த எந்த முடிவையும் செயல்படுத்தாதீர்கள். ஆலோசகரின் வருகையை இந்தப் பருவத்திலேயே மறுபடியும் தொடங்குங்கள். அதற்கு எந்தக் கணக்கெடுப்பும் முன்நிபந்தனையாக இருக்க வேண்டியதில்லை. உங்களிடம் உள்ள பெயர் எழுதிய விடைத்தாள்களைப் பயிற்சி பெற்ற ஒருவர் உடனே படித்து, ஆபத்தில் இருப்பதாக எழுதியுள்ள பிள்ளைகளை, அவர்களுக்கு அவமானம் நேராத வகையில் சந்திக்க வேண்டும். அதன் பிறகு பெயரும் எண்ணும் உள்ள பகுதிகளைக் கிழித்தழித்து, கணினியில் ஏற்றியவற்றிலிருந்தும் நீக்கி, நீக்கிவிட்டதைப் பள்ளிகளுக்கு எழுத்தில் தெரிவியுங்கள். பதினெட்டு வயது நிரம்பாத எவரையும் குழந்தை என்றே கொண்டு, அவர்களுடைய தரவைக் கையாளச் சரிபார்க்கத்தக்க பெற்றோர் ஒப்புதலைக் கேட்கும் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் இந்நாட்டில் இயற்றப்பட்டிருக்கிறது என்பதை மனத்தில் கொள்ளுங்கள்.

வரும் ஜனவரிக் கணக்கெடுப்பை ஒத்திவையுங்கள். பறிப்புக் காலம் முடிந்து, கோடை விடுமுறைக்குப் பின் பள்ளி திறந்து வகுப்புகள் நிரம்பியிருக்கும் ஜூலையில் அல்லது ஆகஸ்டில் நடத்துங்கள். அன்று வராதவர்களுக்காக இன்னொரு நாளும் வாருங்கள். மலையின் எல்லா ஊராட்சிகளிலும் உள்ள பள்ளிகளையும், உண்டு உறைவிடப் பள்ளிகளையும் பட்டியலில் சேர்த்துக் குலுக்கலில் தேர்ந்தெடுங்கள். விடைத்தாளில் பெயர், எண், ஊர் எதுவும் வேண்டாம். ஒரு வகுப்பில் ஒரே ஊரிலிருந்து இரண்டு மூன்று பெண்களே வரும் எங்கள் பள்ளிகளில், ஊரும் வயதும் சாதியும் கேட்பது பெயர் கேட்பதற்குச் சமம். ஆகவே அவற்றையும் சேர்த்துக் கேட்காதீர்கள், எண்ணிக்கை மிகக் குறைவாக உள்ள பிரிவுகளின் முடிவைத் தனியே வெளியிடாதீர்கள். பயிற்சி பெற்ற வெளியாட்களே தாள்களைக் கொடுக்கட்டும். ஆசிரியர்கள் அந்த ஒரு பாடவேளைக்கு வகுப்புக்கு வெளியே இருக்கட்டும். இடைவெளி விட்டு அமர்த்தி, எழுதியதை மடித்து மூடிய பெட்டியில் மாணவர்களே போடட்டும். விடைகளை வைத்து எந்தப் பள்ளியையும் தரவரிசைப்படுத்தவோ விளக்கம் கேட்கவோ மாட்டோம் என்ற உறுதியைத் தலைமை ஆசிரியர்களுக்கு முன்கூட்டியே எழுத்தில் கொடுங்கள்.

வினாத்தாளை அச்சிடும் முன் மலைப் பிள்ளைகள் சிலரிடமும் நகரப் பட்டறைப் பகுதிப் பிள்ளைகள் சிலரிடமும் கொடுத்து, ஒவ்வொரு கேள்வியையும் என்னவென்று புரிந்துகொள்கிறார்கள் என்று கேட்டுத் திருத்துங்கள். இங்கே கடைகளில் உண்மையில் விற்கும் புகையிலைப் பொருட்களைப் பட்டியலில் சேருங்கள். பள்ளியிலிருந்து நூறு கஜத்துக்குள் அவற்றை வாங்கினாயா என்பதையும் கேளுங்கள், ஏனெனில் அந்த விற்பனையை 2003-ஆம் ஆண்டுப் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது. தண்ணீர், கழிப்பறை, காலை உணவு, பள்ளி நேரத்துக்கு வெளியே செய்யும் வேலை ஆகியவற்றைப் பற்றிய கேள்விகளைச் சேருங்கள். மாதவிடாய், துயரம் பற்றிய பக்கங்களை விடாதீர்கள். அவற்றைக் கேட்கும் நாளிலும் அடுத்து வரும் நாட்களிலும் ஓர் ஆலோசகர் பள்ளியில் இருக்க வேண்டும். ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் 14416 (மனநலம்), 1098 (குழந்தைகள் பாதுகாப்பு), 104 (மருத்துவம்) ஆகிய உதவி எண்கள் அச்சிட்ட சீட்டு இருக்க வேண்டும். கைப்பேசி இணைப்புக் கிடைக்காத ஊர்கள் இங்கே உண்டு என்பதால், சீட்டு மட்டும் போதாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முடிவுகளை, கணக்கெடுப்பு நடந்த அதே கல்வியாண்டுக்குள், தெளிவான தமிழில், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோர் முன்னிலையில் சொல்லுங்கள். எழுதிய மாணவர்களுக்கும் சொல்லுங்கள். அதனோடு, எந்த முடிவுக்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். மலைப் பள்ளிகளின் எட்டு, ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குக் காலை உணவு வேண்டும் என்ற எங்கள் கோரிக்கையை, சரியான முறையில் திரட்டிய எண்களோடு, உங்கள் பரிந்துரையாக அரசுக்கு அனுப்புங்கள்.

இந்த மடலுக்கான பதிலை அரையாண்டுத் தேர்வு தொடங்கும் முன் எழுத்தில் எதிர்பார்க்கிறேன். பதில் வரும்வரை, எங்கள் பள்ளிப் பிள்ளைகளிடம் பெயர் எழுதச் சொல்லும் வினாத்தாளை அனுமதிக்க வேண்டாம் என்று அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவர இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியை,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்,
சேர்வராயன் மலை, சேலம் மாவட்டம்.